கலைச்சொல் தேவை: மாசுக்கு ‘வெளிப்பாடு’ பொருந்துமா?

அன்புள்ள நண்பர்களுக்கு,

ஒன்பதாம் வகுப்புக்கான செயல்முறைக் கையேடு வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போகிறது. ஒரு சொல் இன்னும் அமையவில்லை. பிள்ளைகள் அண்ணா சாலையில் நடந்தும் மிதிவண்டியிலும் சென்று, பையில் மாட்டிய சிறு கருவியால் பி.எம். 2.5 நுண்துகளை (2.5 மைக்ரோமீட்டருக்கு மிகாத துகளை) அளப்பார்கள். கண்காணிப்பு நிலையம் 3 முதல் 10 மீட்டர் உயரத்தில் காற்றை இழுக்கிறது. பிள்ளையின் மூக்கோ பஸ்ஸின் புகைக்குழாய்க்குப் பக்கத்தில் இருக்கிறது. நிலையம் காட்டுவது செறிவு, அதாவது ஒரு கன மீட்டர் காற்றில் உள்ள மாசின் அளவு. அதை, அந்தக் காற்றில் இருந்த நேரத்தால் பெருக்கினால் வருவதற்குத்தான் (ஆங்கிலத்தில் எக்ஸ்போஷர்) பெயர் வேண்டும். ‘வெளிப்பாடு’ என்று எழுதினேன். வண்டி வெளியே விடும் புகை என்று பாதி வகுப்பு புரிந்துகொண்டது.

—

அம்மா, பிள்ளைகள் புரிந்துகொண்டதே சரி. உள்ளிருந்து வெளியே வருவதுதான் வெளிப்பாடு. வெயில் படுகிறது, காற்று படுகிறது என்கிறோம். அந்தப் ‘படு’ போதும். ‘மாசுப்படல்’ என்று வையுங்கள்.

—

ஐயா, ‘மாசுபடல்’ ஏற்கெனவே காற்று கெடுவதைக் குறிக்கிறது. நடுவில் நிற்பது ஒரே ஒரு ‘ப்’. மெய்ப்புத் திருத்துபவர் அதை அடித்துவிடுவார். ‘படுகை’ என்றாலோ தஞ்சாவூர்க்காரனான எனக்குக் காவிரிதான் தெரியும். தொல்காப்பியர் தொட்டு உணர்வதை ‘உற்றறிவது’ என்றார். உறுதல் வந்து தொடுதல். ‘உறுமாசு’ நல்ல வினைத்தொகை.

—

அதே தொல்காப்பியம் ‘உறு தவ நனி’ மூன்றும் மிகுதி என்கிறதே! குறளின் ‘உறுபசி’ மிகுந்த பசி. உறுமாசு என்றால் தமிழாசிரியர் பெருமாசு என்றே பாடம் நடத்துவார். புகைப்படக்காரர்கள் சொல்வதுபோல் எக்ஸ்போஷர் என்றே எழுதினால் என்ன குறை?

—

குறை உண்டு. கேமராவைத் தொட்டிராத பிள்ளைக்கு அந்தச் சொல் எதையும் காட்டாது. இன்னொன்றும் பாருங்கள்: மிதிவண்டி மிதிப்பவர் காரில் இருப்பவரைவிட நிமிடத்துக்கு இரண்டு மடங்குக்கும் மேல் காற்றை இழுக்கிறார். இருவரைச் சுற்றியும் ஒரே மாசு, ஒரே நேரம் என்றாலும் நுரையீரலுக்குள் போவது வேறு. அதற்கும் தனிச்சொல் வேண்டும்.

—

நண்பர்களே, அச்சகம் காத்திருக்கிறது. நால்வர் ஒப்பியபடி ‘மாசு படும் அளவு’ என்றும், உள்ளே போவதற்கு ‘உள்ளிழுப்பு’ என்றும் போடுகிறேன். வகுப்பில் சொல்லிப் பார்த்தேன். யாரும் விளக்கம் கேட்கவில்லை.

—

அம்மா, கையேட்டுக்கு அது போதும். ஆனால் அது தொடர், சொல் அன்று. ‘நெடுநாள் மாசு படும் அளவு’ என்றால் நெடுநாள் எதைத் தழுவும், மாசையா, படுதலையா? உறுமாசை நான் விடுவதாக இல்லை.