டிரைவ்வே புதுப்பிக்க மூன்று கோட் (விலை மதிப்பீடு), மூன்று விலை: எதை நம்புவது?

கராஜ்வாசல் (அஜாக்ஸ், ஒன்ராறியோ)

எல்லோருக்கும் வணக்கம். எங்கள் வீடு 2008இல் கட்டியது. டிரைவ்வே தார் போட்டது, 20 அடி அகலம், 30 அடி நீளம், இரண்டு கார் நிற்கும். பிரச்சினை இரண்டு. டயர் ஏறி இறங்கும் தடம் நெடுகச் சின்னச் சின்னக் கட்டமாக வெடித்து, சில துண்டுகள் கையோடு கழன்று வருகின்றன. அடுத்தது, கராஜ் கதவுக்கு முன்னால் இரண்டு அங்குலம் தாழ்ந்து தண்ணீர் தேங்குகிறது. போன பெப்ரவரியில் அது உறைந்து கதவின் அடி ரப்பரைப் பிடித்துக்கொண்டது. பட்டனை அமத்தினால் மோட்டர் உறுமுகிறது, கதவு எழும்பவில்லை. கேத்தலில் சுடுதண்ணீர் கொண்டுவந்து ஊற்றித்தான் காரை வெளியே எடுத்தேன்.

மூன்று பேரிடம் விலை கேட்டேன்.

முதல் ஆள்: பழையதின் மேலேயே 2 அங்குலம் தார். 3,600 டொலர், காசாகக் கொடுத்தால் வரி இல்லை.

இரண்டாவது: பழையதைக் கிளப்பி எடுத்து, "தேவையான அளவு கல்" போட்டு, 3 அங்குலம் தார். 5,900 டொலரும் எச்எஸ்டியும் (விற்பனை வரி).

மூன்றாவது: ஓர் அடி தோண்டி, 8 அங்குலம் கிரனுலர் ஏ என்ற நொறுக்குக் கல், அதன்மேல் இரண்டு வகைத் தார்க்கலவை: எச்எல் 8 இரண்டு அங்குலம், எச்எல் 3 ஒன்றரை அங்குலம். 8,700 டொலரும் எச்எஸ்டியும்.

மூன்றாவது ஆள் கொள்ளை அடிக்கிறான் என்கிறார் மச்சான். கொங்கிரீட் போட்டால் என்ன என்று அம்மா கேட்கிறார். இதற்கிடையில் நேற்று இரண்டு பேர் லொறியோடு வந்து கதவைத் தட்டி, பக்கத்துத் தெருவில் வேலை முடிந்து தார் மிச்சம் இருக்கிறது, அரை விலைக்கு இப்போதே போட்டுத் தருகிறோம் என்றார்கள். ஒக்டோபர் பாதி போய்விட்டது. அவசரப்பட வேண்டுமா?

ரோலர்காரன்

பேவிங் குழுவில் நின்று வேலை செய்தவன் என்ற முறையில் சொல்கிறேன். முதலில் அந்த லொறிக்காரரை மறந்துவிடுங்கள். தார்க்கலவை பிளான்டிலிருந்து 150 பாகை செல்சியஸ் அளவில் புறப்படும். 80 பாகைக்குக் கீழே இறங்கும் முன் ரோலர் ஓட்டி முடிக்க வேண்டும், இல்லாவிட்டால் இறுகாது. ஒருவரின் வேலை முடிந்து, மிச்சத்தை வைத்துக்கொண்டு தெருத்தெருவாகக் கதவு தட்டும் நேரத்தில் அது எந்த நிலையில் இருக்கும் என்று யோசியுங்கள். வருடா வருடம் இதே கதையோடு வருகிறார்கள், ஊருக்கு ஊர் ஆட்கள்தான் மாறுவார்கள்.

கட்டம் கட்டமாக வெடிப்பது மேல்தாரின் நோய் அல்ல. அடியில் கல் போதாது, அல்லது கல்லுக்குள் தண்ணீர் நிற்கிறது. கார் ஏறும்போது தார் வளைகிறது, வளைந்து வளைந்து உடைகிறது. அதன்மேல் 2 அங்குலம் போட்டால் ஒன்றிரண்டு குளிர்காலத்தில் அதே வெடிப்பு அதே இடத்தில் மேலே வரும்.

முதல் ஆளின் யோசனையில் இன்னொரு சிக்கல் இருக்கிறது, அதை அவர் உங்களுக்குச் சொல்லியிருக்க மாட்டார். பள்ளத்தையும் நிரப்பி 2 அங்குலம் உயர்த்தினால் கராஜ் தரையைவிட டிரைவ்வே மேலே நிற்கும். பிறகு தண்ணீர் தேங்காது, உள்ளேயே வரும்.

கராஜ் வாசல் தாழ்வதற்குக் காரணம் வேறு. வீடு கட்டும்போது அத்திவாரத்துக்குத் தோண்டிய குழியைத் திரும்ப மண் தள்ளி மூடுவார்கள். அதைப் படிப்படியாக இறுக்கியிருக்க மாட்டார்கள், வருடக்கணக்கில் அமர்ந்துகொண்டே போகும். புது சப்டிவிஷன்களில் பாதி வீடுகளில் இதுதான். இரண்டு கேள்வி: கராஜ் மூலையில் கூரைத் தண்ணீர்க் குழாய் இறங்குகிறதா? டிரைவ்வே ஓரத்தில் ஸ்குரூடிரைவரால் கிளறிப் பார்த்தால் தார் எவ்வளவு தடிப்பு, கல் எவ்வளவு?

மூன்றாம் குறுக்குத் தெரு

நாங்கள் மேலே மேலே போட்டுத்தான் ஐந்தாறு வருடம் ஓட்டினோம், ஒரு குறையும் இல்லை. எல்லோரும் தோண்டத்தான் வேண்டும் என்று பயமுறுத்தாதீர்கள்.

ரோலர்காரன்

உங்களுக்கு அடி உறுதியாக இருந்திருக்கும், மேல்பக்கம் மட்டும் வெயிலில் காய்ந்து வெளுத்திருக்கும். அப்படியானால் மேலே போடுவது சரிதான். இவருக்குத் துண்டு துண்டாகக் கழன்று வருகிறதே.

கராஜ்வாசல்

குழாய் இறங்குகிறது அண்ணை, வலது மூலையில். முழங்கை வளைவு நேரே டிரைவ்வேயைப் பார்த்துத்தான் இருக்கிறது. இவ்வளவு நாளும் அதை யோசிக்கவே இல்லை. ஓரத்தைக் கிளறினேன்: தார் இரண்டு அங்குலம்கூட வராது, கல் நான்கு அங்குலம் இருக்கும். அதற்குக் கீழே சாம்பல் நிறக் களி, பிசைந்தால் கையில் ஒட்டுகிறது.

எட்மன்டன்வாசி

அந்தச் சாம்பல் மண்ணுதான் வில்லன். தண்ணி உறைஞ்சா சுமார் 9 சதவீதம் பெருக்கும்னு எல்லாருக்கும் தெரியும். ஆனா டிரைவ்வேயைத் தூக்கறது அது மட்டும் இல்ல. வண்டலும் களியும் கலந்த மண் கீழேயிருந்து ஈரத்தை உறிஞ்சி மேலே இழுக்கும். உறைபனி இறங்கற இடத்துல அந்த ஈரம் ஐஸ் அடுக்கா வளரும். வளர வளர மேல இருக்கறது எல்லாம் எழும்பும். மார்ச் மாசம் உருகும்போது தண்ணி கீழே போக வழி இல்லாம மண்ணு சேறாகும். அப்போ கார் ஏறினா உடையாம என்ன செய்யும்?

தெற்கு ஒன்ராறியோவில் அஸ்திவாரத்தை உறைபனிக்குத் தப்ப நாலு அடி ஆழத்துக்குக் கொண்டுபோவாங்க. டிரைவ்வேக்கு யாரும் நாலு அடி தோண்டப் போறதில்ல. அதனால செய்யக்கூடியது இரண்டுதான்: தண்ணி வடியற மாதிரி கனமா கல், மேலே விழற தண்ணி நிக்காத மாதிரி சரிவு. களிமண்ணுன்னா கல்லுக்கு அடியில ஜியோடெக்ஸ்டைல் துணி விரிக்கச் சொல்லுங்க. இல்லன்னா சில வருஷத்துல கல்லு களிக்குள்ள புதைஞ்சு, 8 இன்ச் போட்டது 5 இன்ச்சா நிக்கும்.

அம்மா சொன்ன கான்கிரீட் பத்தி: இங்கே எட்மன்டன், கால்கரியில பெரும்பாலும் அதுதான். நல்லாத்தான் இருக்கு. ஆனா ஆர்டர்ல மூணு விஷயம் இருக்கணும்: 32 மெகாபாஸ்கல் வலிமை, நீர்-சிமென்ட் விகிதம் 0.45க்கு மேல போகக் கூடாது, 5 முதல் 8 சதவீதம் காற்று. அந்தக் காற்றுக் குமிழிதான் உறையற தண்ணிக்கு ஒதுங்க இடம் கொடுக்கும், அது இல்லாத கான்கிரீட் ரெண்டு குளிர்காலத்துல மேல்தோல் உரிஞ்சுடும். வேலையாள் ஈஸியா பரப்பறதுக்காக சைட்டுல ஹோஸ்ல தண்ணி ஊத்தினா இதெல்லாம் காலி. முதல் குளிர்காலம் உப்பு தூவவே கூடாது, மணல் போதும். உங்க தெரு உப்பு டயர்ல ஒட்டிக்கிட்டு வரும், அதைத் தடுக்க முடியாது. தார் உப்புக்குக் கவலைப்படாது. உங்க இடத்துல நான்னா தார்தான் போடுவேன்.

ரோலர்காரன்

சரியாகச் சொன்னார். இனி உங்கள் கோட்டுக்கு வருகிறேன். இரண்டாவது ஆளின் தாளில் உள்ள "தேவையான அளவு கல்" என்பதற்கு அர்த்தம், அன்றைக்கு லொறியில் எவ்வளவு இருக்கிறதோ அவ்வளவு. "3 அங்குலம் தார்" என்றால் ரோலருக்கு முன்னா பின்னா? கொட்டும்போது 3 அங்குலம் இருப்பது இறுகிய பிறகு இரண்டேகால், இரண்டரைதான் நிற்கும். "இறுக்கிய பின் 3 அங்குலம்" என்று எழுதித் தரச் சொல்லுங்கள். நேர்மையான ஆள் முகம் சுளிக்க மாட்டார்.

மூன்றாவது ஆள் கொள்ளைக்காரன் இல்லை. கல் அதிகம், தோண்டிய மண்ணை ஏற்றிப்போய்க் கொட்டக் காசு, தார் இரண்டு அடுக்கு. எச்எல் 8 பெரிய கல் கலவை, பாரம் தாங்க. எச்எல் 3 நைசான மேல்பூச்சு. இரண்டு சாதாரண காருக்கு 8 அங்குலக் கல்லின் மேல் 3 அங்குலம் ஒரே அடுக்காகப் போட்டாலே நல்லது. பார ஊர்தி நிறுத்துவதானால் இரண்டு அடுக்கு போடலாம்.

எத்தனை தொன் என்று நீங்களே கணக்குப் பார்க்கலாம். 600 சதுர அடிக்கு இறுக்கிய 3 அங்குலத் தார் கிட்டத்தட்ட 10 தொன் வரும். 8 அங்குலக் கல் சுமார் 25 தொன், ஒரு பெரிய டம்ப் லொறிக்கு மேல். ஒரு சின்ன லொறிக் கல்லோடு "முடிந்தது" என்றால் எங்கேயோ உதைக்கிறது. தார் லொறி டிரைவரிடம் பிளான்டில் நிறுத்த சீட்டு இருக்கும், காட்டச் சொல்லலாம். ஆனால் ஒரே லொறியில் இரண்டு வீட்டுக்கு வருவதும் உண்டு, அப்படியானால் அந்தச் சீட்டை மட்டும் வைத்துச் சண்டை பிடிக்க முடியாது.

கல்லை ஒரேயடியாகக் கொட்டி மேலே மட்டும் அடிப்பதும் கூடாது. நான்கு அங்குலம் பரப்பி இறுக்கி, பிறகு அடுத்த நான்கு. கராஜ் வாசலில் மட்டும் இன்னும் ஆழமாகத் தோண்டி அந்தத் தளர்ந்த மண்ணை எடுத்துவிட்டுக் கல் நிரப்பச் சொல்லுங்கள். சரிவு அடிக்குக் கால் அங்குலம், வீதியை நோக்கி.

கோப்புக்காரி

விலைக்கு வருகிறேன். "காசு கொடுத்தால் வரி இல்லை" என்பதில் நீங்கள் மிச்சம் பிடிப்பது 13 வீதம். கொடுப்பது ரசீதையும் ஒப்பந்தத்தையும். மார்ச்சில் தார் அமர்ந்தால் எந்தத் தாளைக் காட்டுவீர்கள்?

ஒன்ராறியோ நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தில் உங்களுக்குப் பயன்படக்கூடியவை இரண்டு. எஸ்டிமேட் ஒப்பந்தத்தில் சேர்ந்திருந்தால் அதைவிட 10 வீதத்துக்கு மேல் கேட்க முடியாது, நீங்களாகப் புது வேலைக்கோ புது விலைக்கோ சம்மதித்தால் தவிர. உங்கள் வீட்டில் வைத்து நேரில் கையெழுத்திட்ட, 50 டொலருக்கு மேற்பட்ட ஒப்பந்தமானால் பிரதி கைக்கு வந்து 10 நாளுக்குள் காரணம் சொல்லாமலே ரத்துச் செய்யலாம். கதவு தட்டியவர்கள் "இப்போதே" என்று அவசரப்படுத்துவது சும்மா இல்லை.

முற்பணம் 10 வீதம் போதும். பாதி கேட்டால் அவர் முந்தின வீட்டுக் கடனை உங்கள் காசில் அடைக்கிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். பொறுப்புக் காப்புறுதிச் சான்றும் டபிள்யூஎஸ்ஐபி (வேலையிட விபத்துக் காப்புறுதிச் சபை) கிளியரன்ஸும் கேளுங்கள். உத்தரவாதத்தில் "இரண்டு வருடம்" என்ற பெரிய எழுத்தை விட்டுவிட்டு, எதற்கு இல்லை என்ற சின்ன எழுத்தைப் படியுங்கள். அமர்வுக்கும் உறைபனி எழும்பலுக்கும் இல்லை என்று இருக்கும் அநேகமாக. உங்கள் பிரச்சினையே அது இரண்டும்தான்.

தோண்டும் முன், நிலத்தடிக் குழாய், கம்பி எங்கே என்று காட்டும் ஒன்ராறியோ வன் கோல் சேவைக்கு அறிவிக்க வேண்டும், இலவசம். காஸ் குழாய்க்கு மஞ்சள், மின்சாரத்துக்குச் சிவப்பு, தண்ணீருக்கு நீலம் என்று நிலத்தில் கோடு போட்டுவிட்டுப் போவார்கள். ஓர் அடி தோண்டுகிற ஆள் இதைப் பற்றி வாயே திறக்கவில்லை என்றால் எனக்கு அவர்மேல் நம்பிக்கை வராது. நடைபாதைக்கும் வீதிக்கும் இடைப்பட்ட துண்டு நகராட்சியினுடையது. அகலம் கூட்டும் எண்ணம் இருந்தால் முதலில் அங்கே கேளுங்கள்.

கராஜ்வாசல்

மிக்க நன்றி அக்கா, அண்ணைமார். மூன்று பேரிடமும் திரும்பக் கதைத்தேன். முதல் ஆள் போனை எடுக்கவில்லை. இரண்டாவது ஆளிடம் கல் எத்தனை அங்குலம், தார் இறுக்கிய பின் எத்தனை, துணி போடுவீர்களா, கராஜ் வாசலில் ஆழம் எவ்வளவு என்று மின்னஞ்சலில் கேட்டேன். அடுத்த நாளே புதுத் தாள் வந்தது: கல் 8 அங்குலம் இரண்டு அடுக்காக, துணி உண்டு, இறுக்கிய பின் 3 அங்குலம், கராஜ் வாசலில் இரண்டு அடி தோண்டுவது. விலை இப்போது 7,700. மூன்றாவது ஆள் துணிக்குத் தனியாகக் கேட்கிறார். இரண்டாவது ஆளுக்கே கொடுக்கலாம் என்று இருக்கிறேன். அவர் நவம்பர் நடுவில் வருகிறேன் என்கிறார். சரியா?

ரோலர்காரன்

வேண்டாம். காற்று 10 பாகையாவது இருக்க வேண்டும். குளிர்ந்த கல்லின் மேல் 3 அங்குலத் தார் சட்டென்று சூடு இறங்கிவிடும், ஓரங்கள் இறுகாது. டிசம்பரில் பிளான்டுகளும் மூடத் தொடங்கும். வசந்தத்தில் உடனே என்றும் அவசரப்படாதீர்கள். மார்ச், ஏப்ரலில் பல வீதிகளில் பார லொறிக்குக் கட்டுப்பாடு, மண்ணும் ஊறிக் கிடக்கும். ஜூனுக்கு நாள் எடுங்கள், விலையை இப்போதே எழுத்தில் பிடித்து வையுங்கள்.

சிலர் இலையுதிர்காலத்தில் தோண்டிக் கல்லைப் போட்டு, குளிர்காலம் முழுக்க அமர விட்டு, கோடையில் தார் போடுவார்கள். கராஜ் வாசல் மண்ணுக்கு அது நல்லது. ஆனால் பனி தள்ளும்போது கல்லும் சேர்ந்து புல்லுக்குள் போகும், ஸ்னோபுளோவர் பாவிக்கிறவர்கள் தலையில் அடித்துக்கொள்வார்கள். உங்கள் விருப்பம்.

இந்தக் கிழமையே செய்ய வேண்டியது அந்தக் குழாய். பத்து, இருபது டொலருக்கு நீட்டுக் குழாய் வாங்கிப் புல்தரைப் பக்கம் திருப்புங்கள். பெப்ரவரியில் கேத்தல் தேவைப்படாமலும் போகலாம்.

கராஜ்வாசல்

குழாயை இன்றைக்கே திருப்புகிறேன். ஜூனில் வேலை நடக்கும்போது நான் லீவு எடுத்து நிற்க வேண்டுமா? போட்ட பிறகு சீலர் (தாரின் மேல் அடிக்கும் பாதுகாப்புப் பூச்சு) அடிக்க வேண்டுமா? அடுத்த தெருக்காரர் ஒவ்வொரு வருடமும் அடிக்கிறார்.

ரோலர்காரன்

தோண்டும் நாள் காலையில் நில்லுங்கள், தார் நாளில் நிற்காவிட்டாலும் பரவாயில்லை. களி தெரிகிற ஆழத்தில் டேப்பை நிறுத்தி ஒரு படம், துணி விரித்ததும் ஒரு படம், கல் இறுகியதும் ஒரு படம். கராஜ் கொங்கிரீட் விளிம்பிலிருந்து கல் மட்டம் எவ்வளவு தாழ்ந்து இருக்கிறது என்று அளந்தால் தார் எவ்வளவு வரும் என்பது அப்போதே தெரிந்துவிடும், 3 அங்குலத்துக்குக் கொஞ்சம் கூடத்தான் இருக்க வேண்டும்.

போட்டு மூன்று நாளாவது கார் ஏற்றாதீர்கள், வெயில் என்றால் ஒரு கிழமை. முதல் கோடையில் நின்ற இடத்தில் ஸ்டியரிங்கைத் திருப்பினால் டயர் தாரைக் கிள்ளி எடுக்கும். சீலர் அடுத்த வருடம், அதன் பிறகு மூன்று வருடத்துக்கு ஒருதரம் போதும். வருடா வருடம் அடித்தால் தடித்துச் செதில் செதிலாக உரியும்.

எட்மன்டன்வாசி

நீட்டுக் குழாயைப் பக்கத்து வீட்டுக்காரர் பக்கம் திருப்பிடாதீங்க அண்ணா. அதுக்கு அப்புறம் அவர் இந்த ஃபோரம்ல தனியா ஒரு இழை தொடங்குவார்.