புதுப்பிப்பு: ஊட்டியில் மாலை ஒரு கிளாஸ் எங்கே?

ஊட்டியில் குடிக்க எங்கே போகலாம் என்ற என் முந்தைய பதிவில் டாஸ்மாக் நேரம் மட்டும் இருந்தது: பகல் 12 முதல் இரவு 10. ஓட்டல் பார்களுக்கு அது பொருந்தாது, இரவு 11 வரை உண்டு. குளிருக்கு அமைதியாக உட்கார சவாய் மாதிரி பழைய ஓட்டல்தான் சரி. பர்ஸ் கொஞ்சம் இளைக்கும்.

விட்டுப்போனது பாட்டில் விவகாரம். நீலகிரி டாஸ்மாக் கடைகளில் 2022 முதல் பாட்டிலுக்கு 10 ரூபாய் கூடுதல். காலிப் பாட்டிலைக் கடையில் கொடுத்தால் திரும்பக் கிடைக்கும். ஸ்டிக்கரைச் சுரண்டிவிடாதீர்கள், அதைப் பார்த்துத்தான் பணம் தருவார்கள். பிளாஸ்டிக் தண்ணீர் பாட்டிலுக்கு மாவட்டத்தில் தடை. சில்வர் பாட்டில் கொண்டுபோங்கள். அக்டோபர் 2, திருவள்ளுவர் தினம் இரண்டிலும் கடை, பார் எதுவும் திறக்காது.