பழைய ஜீப்புக்கு ஸ்பேர் ஆக்சில் ஷாஃப்ட் எடுத்துப் போக வேண்டுமா? இடமா, வலமா?

பள்ளத்தூர்ஜீப்:
வணக்கம். என்னிடம் இருப்பது பழைய மகேந்திரா ஜீப். பல கை மாறி வந்தது. ஆர்சி புத்தகத்தில் ஒரு மாடல், அடியில் படுத்துப் பார்த்தால் வேறு கதை. பின் ஆக்சில் எந்த வண்டியிலிருந்து வந்தது என்று விற்றவருக்கே தெரியவில்லை.

கார்த்திகை மழைக்குப் பிறகு தோப்புக்குப் போகும்போது கண்மாய் உள்வாயில் வண்டி இறங்கிவிட்டது. மேலே காய்ந்த மண், கீழே கரம்பைச் சேறு. லோ கியரில் முன்னும் பின்னும் ஆட்டி எடுக்கும்போது டங்கென்று ஒரு சத்தம். அப்புறம் கியர் விழுகிறது, எஞ்சின் ஓடுகிறது, வண்டி மட்டும் நகரவில்லை. டிராக்டர் வைத்துத்தான் இழுத்தோம். இடது பின் வீலைச் சுற்றும் ஆக்சில் ஷாஃப்ட் கட். காரைக்குடியில் மாற்றியாகிவிட்டது.

தை மாதம் நாலைந்து ஜீப்பில் போடி மலைப்பக்கம் தெரிந்தவருடைய ஏலத்தோட்டத்துக்குப் போகிறோம். பாதை மோசம் என்கிறார்கள். ஸ்பேர் ஷாஃப்ட் கையில் வேண்டுமா? ஒன்று போதுமா? தெரிந்த லேத் பட்டறையில் பாதி விலைக்குச் செய்து தருகிறேன் என்கிறார், வாங்கலாமா? மலையில் உடைந்தால் இறங்கி வர வழி என்ன?

சரளைமேடு:
முதலில் பின் வீலின் நடுவைப் பார்த்துச் சொல்லுங்கள். வட்டமாகச் சின்ன போல்ட்டுகள் வைத்த ஒரு பிளேட் மூடியிருக்கிறதா? ஸ்பிளிட் பின் போட்ட ஒரே ஒரு பெரிய நட்டா? அல்லது வீல் நட்டுகளைத் தவிர எதுவுமே இல்லையா? இது தெரியாமல் யார் பதில் சொன்னாலும் குத்துமதிப்புதான்.

பள்ளத்தூர்ஜீப்:
ஒரே பெரிய நட்டு, ஸ்பிளிட் பின்னோடு. இரண்டு பக்கமும் அப்படியே.

சரளைமேடு:
சரி, அப்படியானால் டேப்பர் ஷாஃப்ட். வில்லிஸ் காலத்து செமி ஃப்ளோட்டிங் வகை. ஷாஃப்டின் வெளி நுனி கூம்பாக இருக்கும், அதில் வழுக்காமல் இருக்க ஒரு கீ (சின்ன இரும்புத் துண்டு), அதன்மேல் வீல் மாட்டும் ஹப் இறுகி உட்கார்ந்திருக்கும். இதில் ஷாஃப்ட் வண்டியின் எடையையும் சுமக்கிறது, வீலையும் சுற்றுகிறது. போல்ட் பிளேட் வைத்த ஃபுல் ஃப்ளோட்டிங்காக இருந்தால் கவலையே இல்லை. அதில் எடையை ஹப்பும் ஸ்பிண்டிலும் தாங்கும், ஷாஃப்டுக்குச் சுற்றும் வேலை மட்டும்தான். உடைந்ததை உருவிவிட்டு ஓட்டையை மூடி, முன் வீலில் ஓட்டி வந்துவிடலாம். ஜாக்கிகூடத் தேவைப்படாது.

உங்கள் வகைக்கு ஷாஃப்ட் மட்டும் கொண்டுபோய்ப் பயனில்லை. ஹப்பை இழுத்துக் கழற்றப் பெரிய புல்லர் என்ற கருவி வேண்டும். சுத்தியலால் தட்டிப் பார்க்கிறேன் என்று ஆரம்பித்தால் மறைதான் போகும். புல்லர் இல்லாத ஸ்பேர் ஷாஃப்ட் வெறும் கடப்பாரை.

எடுத்துப் போவதானால் இப்படிச் செய்யுங்கள். பேரிங்கை ஷாஃப்டில் வீட்டிலேயே பிரஸ் பண்ணி வைத்துவிடுங்கள், மலையில் அதற்கு வழியே கிடையாது. புது ஆயில் சீல், கீ, ஸ்பிளிட் பின், சிலிகான் கேஸ்கெட் டியூப், 90 நம்பர் கியர் ஆயில். ஷிம் (இடைவெளிக்கு வைக்கும் மெல்லிய தகடு) எந்தப் பக்கம் எத்தனை வந்ததோ அதே எண்ணிக்கையில் திரும்பப் போக வேண்டும், ஷாஃப்டின் பிளே, அதாவது ஆட்டம், அதை நம்பித்தான் இருக்கிறது. உள்ளே மாட்டிக்கொண்ட துண்டை எடுக்க நீளக் காந்தமும், நுனியில் கம்பி வளையம் போட்ட பைப்பும் வேண்டும். எதிர்ப்பக்க ஷாஃப்டை உருவிவிட்டுக் கம்பியால் தள்ளலாம் என்று சிலர் சொல்வார்கள். இந்த வகையில் இரண்டு ஷாஃப்டுக்கும் நடுவில் த்ரஸ்ட் பிளாக் என்ற கட்டை இருக்கும், தள்ள விடாது. ஆக்சில் நடுவில் இருக்கும் பின்பக்க கவரைத் திறப்பதற்குத் தயாராகவே போங்கள்.

நட்டை இறுக்குவதில் கஞ்சத்தனம் கூடாது. ஏறக்குறைய 150 அடி பவுண்டு, அதாவது 200 நியூட்டன் மீட்டர். டார்க் ரெஞ்ச் இல்லையென்றால், ஒரு மீட்டர் பைப்பை ஸ்பானரில் மாட்டி நுனியில் 20 கிலோ எடைக்கு அழுத்தினால் அந்தக் கணக்குதான். ஸ்பிளிட் பின் ஓட்டை நேருக்கு வரவில்லை என்று நட்டைத் தளர்த்தாதீர்கள், இன்னும் இறுக்கித்தான் நேராக்க வேண்டும்.

தேவகோட்டைலேத்:
லேத் வேலை செய்கிறவன் என்ற முறையில் சொல்கிறேன். பாதி விலை என்றால் பெரும்பாலும் இஎன் 8 என்ற சாதாரண எஃகுக் கம்பியைக் கடைந்து, ஸ்ப்ளைன் (உள் நுனியில் நீளவாக்கில் ஓடும் பற்கள்) வெட்டித் தருவார். பார்க்கக் கம்பெனி சாமான் மாதிரியே இருக்கும். ஆக்சிலுக்கு இஎன் 19 அல்லது இஎன் 24 எஃகு, அதுவும் முறையாக ஹீட் ட்ரீட்மெண்ட் செய்தது வேண்டும். எங்கே ஹார்டனிங் செய்தீர்கள் என்று கேளுங்கள். பதில் மழுப்பலாக வந்தால் விட்டுவிடுங்கள். உடைந்ததை வெல்டிங் வைத்துத் தருகிறேன் என்றாலும் அப்படித்தான். பற்ற வைத்த இடத்துக்குப் பக்கத்திலேயே மறுபடி உடையும்.

உடைந்த துண்டு இருக்கிறதா? உடைந்த முகம் எப்படி இருக்கிறது?

பள்ளத்தூர்ஜீப்:
இருக்கிறது அண்ணே. உள்பக்கம், ஸ்ப்ளைன் தொடங்கும் இடத்தில் உடைந்திருக்கிறது. ஒரு ஓரம் பிறை மாதிரி கறுத்துப் போயிருக்கிறது. மீதி பளபளவென்று பொடிப்பொடியாகத் தெரிகிறது.

தேவகோட்டைலேத்:
அப்படியானால் கண்மாய் உடைக்கவில்லை, முடித்துவைத்தது. கறுத்த பகுதி பழைய விரிசல், எண்ணெய் இறங்கி நாளாகியிருக்கிறது. பளபளப்பு மட்டும்தான் அன்றைக்கு உடைந்தது. சேற்றில் வீல் சும்மா சுற்றும்போது ஷாஃப்டுக்குப் பெரிய சுமை இல்லை. சுற்றிக்கொண்டிருக்கும் வீல் திடீரென்று கெட்டித் தரையைப் பிடிக்கிறதே, அந்த உதைதான் உடைக்கும். முன்னும் பின்னும் ஆட்டும்போது ஒவ்வொரு தடவையும் அந்த உதை விழும்.

இப்போது எனக்குக் கவலை வலது ஷாஃப்ட் பற்றித்தான். அதுவும் அதே வயசுதானே? கழற்றித் துடைத்து, மண்ணெண்ணெய் தடவிக் கொஞ்ச நேரம் ஊறவிட்டு, நன்றாகத் துடைத்துவிட்டு சாக்பீஸ் பொடி பூசுங்கள். விரிசல் இருந்தால் மண்ணெண்ணெய் கசிந்து பொடியில் கோடு விழும். கீ வெட்டின இடத்தையும் ஸ்ப்ளைன் அடியையும் விடாதீர்கள். ஸ்ப்ளைன் பல் நேராக ஓடுகிறதா என்றும் பாருங்கள். முறுக்கியிருந்தால் கோடு இல்லாவிட்டாலும் அது முடிந்த சாமான்.

ஆக்சில் ஹவுசிங் ஆயிலை மாற்றினார்களா? உடைந்த பொடி உள்ளே இருந்தால் அடுத்தது ஆக்சில் நடுவில் இருக்கும் கிரவுன் பினியன் பல்சக்கரங்கள்தான்.

கலுங்குக்கரை:
நான் கொஞ்சம் மாற்றிச் சொல்கிறேன், கோபித்துக்கொள்ள வேண்டாம். நம்ம பக்கம் ஓட்ட ஸ்பேர் எதற்கு? திருமயம், கல்லல், புதுவயல் என்று எந்தக் கண்மாயில் நின்றாலும் காரைக்குடிக்கு ஒரு போன் போட்டால் டிவிஎஸ் எக்ஸெல்லில் சாமான் வந்து இறங்கிவிடும். போடியிலும் அப்படித்தான். தோட்டத்துக்கு ஆள் ஏற்றிப்போகிற ஜீப் அங்கே ஏராளம், ஜீப் தெரிந்த மெக்கானிக்கும் இருப்பார். ஷாஃப்டை விட முன் ஆக்சில் கிராஸ் (மூட்டில் இருக்கும் சிலுவை வடிவச் சாமான்) ஒன்றும் ஒரு நல்ல இழுவைக் கயிறும் முக்கியம் என்பேன்.

சரளைமேடு:
கண்மாய்க்கு ஒத்துக்கொள்கிறேன். போடிக்கு ஒத்துக்கொள்ள மாட்டேன். ஜீப் அங்கே நிறைய இருக்கிறது, ஆனால் இவர் வண்டியில் இருப்பது எந்த ஆக்சில் என்று யாருக்கும் தெரியாதே. ஸ்ப்ளைன் எண்ணிக்கையும் நீளமும் பொருந்தாவிட்டால் ஊர் முழுக்க ஷாஃப்ட் இருந்தும் என்ன செய்வது? அதனால் பள்ளத்தூர்க்காரர் தன் வண்டிக்கு மாட்டிப் பார்த்த ஷாஃப்டைத்தான் கையில் வைத்திருக்க வேண்டும். டிஃப்ரன்ஷியல் (இரண்டு வீலுக்கும் சக்தியைப் பிரித்துத் தரும் பல்சக்கர உருண்டை) நடுவில் இல்லாமல் ஒரு பக்கம் ஒதுங்கியிருந்தால் இடமும் வலமும் நீளம் வேறு வேறு. ஒன்றை மற்றதுக்குப் போட முடியாது. எது உடையும் என்று ஜோசியம் பார்க்காமல் இரண்டையும் எடுத்துப் போங்கள். ஷாஃப்டுக்கு கிரீஸ் தடவி, பிவிசி பைப்பில் போட்டு, இரண்டு முனையும் மூடி, தரையோடு சேர்த்துக் கட்டுங்கள். வண்டி கவிழ்ந்தால் உள்ளே பறக்கும் ஷாஃப்ட் ஆளையே அடித்துவிடும்.

பள்ளத்தூர்ஜீப்:
ஃபோர் வீல் போட்டு முன் வீலில் இறங்கி வர முடியாதா?

சரளைமேடு:
உங்கள் வகையில் அது எங்கே உடைந்தது என்பதைப் பொறுத்தது. வெளியே டேப்பர் பக்கம் உடைந்தால் டிரம்மோடு வீலே கழன்று போகும், அங்கே ஓட்டுகிற பேச்சே இல்லை. முன்பு போல உள்பக்கம் உடைந்தால் வீலைத் தாங்க வெளிப்பக்க பேரிங் ஒன்றுதான் மிச்சம். பின் ஆக்சிலுக்குச் சக்தி கொண்டுபோகிற ப்ரொப்பெல்லர் ஷாஃப்டைக் கழற்றிவிட்டு, ஃபோர் வீல் போட்டு, ஆள் நடக்கும் வேகத்தில் பாதுகாப்பான இடம் வரைக்கும் நகர்த்தலாம். மலை இறக்கத்தில் அதுவும் வேண்டாம்.

இன்னொன்று, இதைப் பலர் யோசிப்பதில்லை. பழைய ஜீப்புகள் பலவற்றில் ஹேண்ட்பிரேக் டிரம் வீலில் இல்லை, கியர்பாக்ஸை ஒட்டிய டிரான்ஸ்ஃபர் கேஸின் பின்னால் இருக்கிறது. அது பின் ஷாஃப்டுகள் வழியாகத்தான் வீலைப் பிடிக்கும். ஒரு பின் ஷாஃப்ட் உடைந்துவிட்டால் அந்த ஹேண்ட்பிரேக் வண்டியைப் பிடிக்காது. ஃபோர் வீல் போடாமல் கியரில் விட்டாலும் பிடிக்காது. டங்கென்ற சத்தம் கேட்டதும் கால் பிரேக்கை விடாமல், கூட வருகிறவரை இறக்கி நாலு வீலுக்கும் கல் வைக்கச் சொல்லுங்கள். அப்புறம்தான் நீங்கள் இறங்க வேண்டும்.

பள்ளத்தூர்ஜீப்:
ஹேண்ட்பிரேக் நீங்கள் சொன்ன இடத்தில்தான் இருக்கிறது, பார்த்துவிட்டேன். வலது ஷாஃப்டைக் கழற்றினோம். ஸ்ப்ளைன் நேராக இருக்கிறது, ஆனால் கீ வெட்டின மூலையில் சாக்பீஸ் பொடியில் மெல்லிய கோடு விழுகிறது. அதைத் தூக்கிப் போட்டுவிட்டு, வண்டிக்கு வலது பக்கம் ஒன்றும் ஸ்பேருக்கு ஒரு ஜோடியும் ஹீட் ட்ரீட்மெண்ட் செய்ததாக மதுரையில் சொல்லியிருக்கிறேன். வந்ததும் இரண்டு பக்கமும் மாட்டிப் பார்த்துவிட்டுத்தான் பைப்பில் போடுவேன். மாட்டிய பிறகு நட்டை மறுபடி எப்போது இறுக்க வேண்டும்?

தேவகோட்டைலேத்:
முதல் நாள் கொஞ்ச தூரம் ஓட்டிவிட்டு ஒரு தடவை, போடி கிளம்பும் முன் ஒரு தடவை. ஹப் உள்ளே இன்னும் கொஞ்சம் உட்காரும், நட்டு இடம் கொடுக்கும். ஸ்பிளிட் பின்னைக் கழற்றிய பிறகு பழையதையே நிமிர்த்திப் போடாமல் புதுசு போடுங்கள்.