ஏற்காடு ரோட்டு வளைவுக்குள் எடுத்ததெல்லாம் வெறும் பொழுதுபோக்குதானா?

அடிவாரம்:
சேலத்தில் நடக்கப்போகும் பழைய படத் திரையிடலில் 'கலைப் படங்கள்' என்ற தலைப்பின் கீழ், ஏற்காடு ரோட்டு வளைவுக்குள் இருந்த நம்மூர் ஸ்டுடியோ மாடர்ன் தியேட்டர்ஸின் படங்களையும் சேர்க்க வேண்டும் என்று இங்கே கேட்டிருக்கிறார்கள். எனக்குச் சம்மதமில்லை. டி. ஆர். சுந்தரம் 1935-ல் தொடங்கிய கம்பெனி நூறு படங்களுக்கு மேல் எடுத்தது. மலையாளத்தின் முதல் பேசும் படமான 'பாலன்' 1938-ல் இங்கிருந்துதான் போனது. ஊருக்குப் பெருமைதான். ஆனால் அங்கே நடந்தது உற்பத்தி.

1956-ஐ மட்டும் பாருங்கள். சேலத்திலிருந்து 'அலிபாபாவும் 40 திருடர்களும்' வருகிறது, தமிழின் முதல் முழுநீள வண்ணப்படம். அதே வருடம் வங்காளத்தில் சத்யஜித் ராயின் 'அபராஜிதோ'. காசி வீட்டு முற்றத்தை ஸ்டுடியோவில் செட் போட்டார்கள். நிஜ முற்றத்துக்கு வெளிச்சம் மேலே வானத்திலிருந்துதான் வரும், கூரான நிழல் விழாது. ஸ்டுடியோ விளக்கை நேராக அடித்தால் ஆளுக்கு இரண்டு மூன்று நிழல். ஒளிப்பதிவாளர் சுப்ரதா மித்ரா செட்டின் மேல் வெள்ளைத் துணியை இழுத்துக் கட்டி, விளக்குகளைக் கீழிருந்து அதில் அடித்து, பட்டுத் திரும்பிய வெளிச்சத்தில் படம் பிடித்தார். விளக்கு இருந்ததே நமக்குத் தெரியாது. அலிபாபாவில் வண்ணம் 'என்னைப் பார்' என்று முன்னால் வந்து நிற்கிறது. இரண்டையும் ஒரே தலைப்பில் எப்படிப் போடுவது?

ரீல்பெட்டி:
அடிவாரம் சார், அந்தத் துணியை அலிபாபா எடுத்த கேவாகலர் என்ற வண்ண பிலிமுக்குக் கட்டியிருந்தால் என்ன ஆகும்? கறுப்பு வெள்ளைக்குப் போதுகிற வெளிச்சம் அந்தக் காலத்து வண்ண பிலிமுக்குப் போதாது, பல மடங்கு வேண்டும். துணியில் பட்டு வரும்போதே பெரும்பகுதி வெளிச்சம் போய்விடும், மிச்சத்தில் இருட்டுதான் பதியும். அதனால் நேர் விளக்கு. நேர் விளக்கென்றால் சூடு, வியர்வை, கரைகிற மேக்கப். எக்ஸ்போஷர், அதாவது பிலிமில் விழும் வெளிச்ச அளவு, கொஞ்சம் பிசகினால் முகத்தின் நிறம் ஷாட்டுக்கு ஷாட் மாறும். மித்ராவுக்கு இருந்த வசதி சேலத்து ஒளிப்பதிவாளருக்கு இல்லை. அதைக் கலையுணர்வின் குறை என்று எழுதுவது அநியாயம்.

இன்னொன்று. 1940-ல் இதே கம்பெனியின் 'உத்தம புத்திரன்', பி. யு. சின்னப்பா, தமிழின் முதல் இரட்டை வேடம். அந்தக் காலத்தில் இரட்டை வேடம் எடுக்கிற முறையைப் பாருங்கள். கேமராவை அசையாமல் இறுக்கிவிட்டு, லென்சின் பாதியைக் கறுப்புத் தகட்டால் மறைத்து, ஒரு வேடத்தை எடுப்பார்கள். பிலிமைக் குறி வைத்த பிரேம் வரை பின்னால் சுற்றி, மறு பாதியை மறைத்து, வேஷம் மாற்றி மறுபடி எடுப்பார்கள். இடையில் யாராவது ஸ்டாண்டைத் தட்டினால் நடுவில் கோடு தெரியும். விளக்கு கூடினாலோ குறைந்தாலோ ஒரு பாதி வெளுக்கும். கை கோட்டைத் தாண்டினால் விரல் காணாமல் போகும். இத்தனைக்கும் நடுவே, எதிரே இல்லாத ஆளின் கண் உயரத்தை நினைவில் வைத்து நடிகர் பேச வேண்டும். அது நடிப்பில்லையா?

அடிவாரம்:
திறமையை நான் மறுக்கவில்லை சார். அந்தத் திறமை எதற்காகச் செலவானது என்பதுதான் என் கேள்வி. என் சோதனை ஒன்றுதான்: ஒரு பகுதியை எடுத்துவிட்டால் படம் குறைபடுகிறதா? பிலிம் காலத்தில் பாட்டை வெட்டிவிட்டு ஓட்டிய தியேட்டர்கள் உண்டு. நிமிடத்துக்கு 90 அடி, நாலு நிமிடப் பாட்டென்றால் 360 அடி. பிரிண்டில் ஒலி, படத்தைவிட சுமார் 20 பிரேம் முன்னால் இருக்கும். அதனால் வெட்டிய பாட்டின் தொடக்க ஒலி அடுத்த காட்சியின் மேல் கொஞ்சம் கேட்கும், அந்தக் காட்சியின் முதல் சொல் காணாமல் போகும். நஷ்டம் அவ்வளவுதான், ஒரு நொடிகூட இல்லை. கதை தன் போக்கில் ஓடும். 'அபராஜிதோ'வில் நாலு நிமிடத்தை எடுத்துப் பாருங்கள்.

சன்னல்சீட்டு:
அண்ணா, அந்தச் சோதனையை 'மந்திரி குமாரி'க்கு வையுங்கள். 1950, இதே கம்பெனி, குண்டலகேசிக் கதையிலிருந்து எடுத்தது, வசனம் கருணாநிதி. கணவன் மனைவியைக் கொல்ல மலை உச்சிக்கு அழைத்துப் போகிற இடத்தில் இசையமைப்பாளர் ஜி. ராமநாதன் ஒரு பாட்டு வைத்திருக்கிறார், திருச்சி லோகநாதனும் ஜிக்கியும் பாடியது. மெட்டு உல்லாசமானது. மனைவிக்கு அது காதல் அழைப்பு. அவன் யாரென்று தெரிந்த நமக்கு ஒவ்வொரு அடியிலும் வயிற்றைப் பிசைகிறது. அந்தப் பாட்டை வெட்டினால், கடைசியாக வலம் வர வேண்டும் என்று கேட்டு அவள் அவனைத் தள்ளிவிடுவது வெறும் சண்டைக் காட்சியாகிவிடும். பாட்டு அவளுடைய நம்பிக்கையைக் கட்டி எழுப்புவதால்தான் அது உடைவது நம்மைத் தாக்குகிறது. டிக்கெட் விற்க வைத்த பாட்டேதான், இல்லை என்று சொல்லவில்லை. அதுவேதான் படத்தின் உயிரும்.

அடிவாரம்:
அந்தப் பாட்டுக்கு ஒப்புக்கொள்கிறேன், தங்கச்சி. ஒரு காட்சிக்காக முழுப் படத்தையும் ஏற்க முடியாது. அதே காலப் படங்களில் கதையோடு ஒட்டாத நகைச்சுவைப் பகுதி தனியாக ஓடும். என் சோதனையில் அது நிற்காது. தலைப்பு மாறக்கூடாது.

ரீல்பெட்டி:
தலைப்பை நான் விடாமல் பிடிப்பதற்குக் காரணம் புரொஜெக்டர் அறையில் இருக்கிறது. 'கலைப் படம்' என்றால் திரை விகிதம் பார்த்துப் போடுகிறார்கள். 'பழைய பொழுதுபோக்குப் படம்' என்றால் பக்கத்தில் கறுப்பு தெரியக்கூடாதென்று திரை நிறைய இழுத்துவிடுகிறார்கள். 1950-ன் படம் 1.37 விகிதம், அதாவது உயரத்தைப் போல 1.37 மடங்கு அகலம். 1.85 திரையில் அகலத்தை நிரப்பினால் உயரத்தில் கால் பங்குக்கு மேல் போய்விடும். மலை உச்சிக் காட்சியில் மேலே தலை போகும், கீழே பள்ளம் போகும். பள்ளமே தெரியாத இடத்தில் அவள் யாரை எங்கே தள்ளுகிறாள்? தியேட்டரில் ஓட்டும் டிஜிட்டல் பிரதியான 2கே டிசிபியில், 1998-க்கு 1080 பிக்சல் சட்டத்துக்குள் 1480 பிக்சல் அகலத்தில் படம் நிற்க வேண்டும், இரண்டு பக்கமும் கறுப்பு. இதை எழுதிக் கொடுத்து, காட்சிக்கு முன்னால் முதல் ரீலை ஓட்டிப் பார்க்கச் சொல்லுங்கள்.

அடிவாரம்:
விகிதத்துக்கு என் ஓட்டு உண்டு, எந்தப் படமாக இருந்தாலும். தலைப்புக்கு இல்லை. 'மந்திரி குமாரி'யைத் தனிக் காட்சியாகப் போடுங்கள், இடைவேளையை மலைப் பாட்டுக்குப் பக்கத்தில் வைக்காதீர்கள்.