சோர்டோ கிரம்பெட்: துளை விழாத சிக்கல் – புதுப்பிப்பு

கிரம்பெட் என்பது தவாவில் வைத்த வளையத்துக்குள் மாவு ஊற்றிச் சுடும், மேலே துளை துளையாக இருக்கும் ஆங்கிலேயப் பலகாரம். சோர்டோ என்றால் இயற்கையாகப் புளிக்கவைத்த மாவு. முந்தைய பதிவில் கொடுத்த அளவு: 100 சதவீத ஈரப்பதமுள்ள (மைதாவும் தண்ணீரும் சம எடையில் உள்ள) ஸ்டார்ட்டர், அதாவது புளித்த மாவுக் கலவை, 270 கிராம், சர்க்கரை 1 தேக்கரண்டி, உப்பும் சமையல் சோடாவும் அரை அரை தேக்கரண்டி. இதில் மேற்புறம் துளையில்லாமல் மூடிக்கொண்டதுதான் குறை. அளவை மாற்றத் தேவையில்லை. மாவின் பதத்தைத்தான் மாற்ற வேண்டும்.

மாவு கெட்டியாக இருந்தால் குமிழி மேலே வந்து உடையாது, உள்ளேயே சிக்கிக்கொள்ளும். ஒவ்வொரு மேசைக்கரண்டியாகத் தண்ணீர் சேருங்கள். கரண்டியிலிருந்து அறுபடாமல் நாடாவாக வழிய வேண்டும். வளையத்தின் அடியில் கசிந்தால் தண்ணீர் கூடிவிட்டது என்று அர்த்தம். அப்போது ஒரு கரண்டி மைதா சேர்த்தால் போதும். முதலில் ஒன்றை மட்டும் ஊற்றிப் பார்ப்பதே நல்லது.

சோடாவை ஒரு தேக்கரண்டி தண்ணீரில் கரைத்துக் கடைசியில் கலக்குங்கள். கட்டி நின்றால் அந்த இடம் கசக்கும். புளித்த மாவில் பட்டதுமே அது பொங்கத் தொடங்கிவிடும், காத்திருக்காது. ஆகவே இரண்டு ஈடாகச் சுடுவதானால் மாவையும் சோடாவையும் பாதியாகப் பிரித்து, அந்தந்த ஈட்டுக்கு அப்போதே கலக்க வேண்டும். இதை முன்பே அழுத்திச் சொல்லியிருக்க வேண்டும்.

9 செ.மீ. வளையத்துக்கு ஏறக்குறைய 65 கிராம் மாவு. வளையத்தின் உட்புறம் நன்றாக வெண்ணெய் தடவுங்கள். அடிகனமான தவா, சிறுதீ. மேற்புறம் ஈரப் பளபளப்பு போய் இறுகும்வரை, 6 முதல் 8 நிமிடம், தொடாதீர்கள். பிறகு வளையத்தை எடுத்துவிட்டுத் திருப்பி ஒரு நிமிடம். சீக்கிரம் திருப்பினால் திறந்த துளையும் அடைபட்டுவிடும்.