காடி ஐட்லிங் 1500, இறங்கவே மாட்டேன் என்கிறது, அவசரம்

பட்டர்வொர்த் நீலன்:
வணக்கம். காடி சும்மா நிற்கும்போதும் ஆர்பிஎம் (நிமிடத்துக்கு எஞ்சின் சுற்று) 1500-லேயே நிற்கிறது. சிக்னலில் பிரேக்கை லேசாக விட்டாலே பாய்கிறது, என்-இலிருந்து டி-க்குப் போட்டால் ஒரு குத்து குத்துகிறது. பெட்ரோல் எண்ணெயும் கண்டபடி குடிக்கிறது. எஞ்சினுக்குக் காற்று விடும் த்ராட்டில் பாடி கழுவியாகிவிட்டது, ஒன்றும் மாறவில்லை. மெக்கானிக் ஈசியூ, அதாவது எஞ்சினைக் கட்டுப்படுத்தும் கணினியை, மாற்ற வேண்டும் என்கிறார், அதற்கு இப்போது கையில் வெள்ளி இல்லை. தெரிந்தவர்கள் சீக்கிரம் சொல்லுங்கள், காலையில் பாலம் தாண்டி வேலைக்குப் போக வேண்டும்.

ஜெலுத்தோங் ராஜாளி:
என்ன காடி பாஸ்? கார்புரேட்டரா, இன்ஜெக்‌ஷனா? ஏர்கான் போட்டால் மட்டுமா, எப்போதுமா? காலையில் ஸ்டார்ட் பண்ணியதும் 1500 என்றால் அது இயல்புதான், சூடானதும் தானே இறங்கும்.

வேக்கம் வேலு:
காற்று எங்கேயோ உள்ளே இழுக்கிறது, வேறு எதுவும் இல்லை. த்ராட்டில் பாடியைக் கழற்றினார்களே, இடைவெளியை அடைக்கும் கேஸ்கட் புதிதாகப் போட்டார்களா அல்லது பழையதையே வைத்து முடுக்கினார்களா? எஞ்சின் ஓடும்போது, காற்று உள்ளே போகும் குழாயான மேனிஃபோல்டில் இருந்து கிளம்பும் சின்ன ஹோஸ்களை ஒவ்வொன்றாக பிளையரால் நசுக்கிப் பாருங்கள், எதை நசுக்கியதும் ஆர்பிஎம் விழுகிறதோ அந்த வழியாகத்தான் காற்று போகிறது. அப்புறம் கார்ப் கிளீனரை மேனிஃபோல்ட் ஓரமாக அடித்தால் சத்தம் மாறும்.

பழைய கை:
சூடான எக்ஸாஸ்ட் பக்கத்தில் கார்ப் கிளீனரா, வேலு? முதலில் பொம்பாவுக்கு (தீயணைப்புப் படைக்கு) போன் போட்டுவிட்டுச் செய்யச் சொல்லுங்கள். பாட்டிலில் தண்ணீர் பீச்சினாலே போதும், கசிவு இருந்தால் எஞ்சின் தடுமாறும்.

நீலன், காடியின் பெயரைக்கூடச் சொல்லாமல் வைத்தியம் கேட்பவர்களுக்கு நான் வழக்கமாகப் பதில் எழுதுவதில்லை. இருந்தாலும், ஆக்சிலரேட்டர் கேபிளில் கொஞ்சம் தளர்வு இருக்கிறதா என்று விரலால் தூக்கிப் பாருங்கள். சாவியை ஆன் மட்டும் செய்து, ஸ்டார்ட் பண்ணாமல், ஐட்லிங்கைச் சரிசெய்யும் ஐஎஸ்சி மோட்டார் டிக் டிக் என்கிறதா என்று காது கொடுங்கள். த்ராட்டில் பாடியில் இருக்கும் ஸ்குரூவை யாராவது திருகச் சொன்னால் கையைக் கட்டிக்கொண்டு நில்லுங்கள். அதைத் திருகித்தான் பாதிப் பேர் காடியைக் கெடுக்கிறார்கள்.

பட்டர்வொர்த் நீலன்:
புரோட்டோன் வீரா 1.5, எம்பிஐ, அதாவது இன்ஜெக்‌ஷன்தான், ஆட்டோ. ஏர்கான் போட்டாலும் போடாவிட்டாலும் அப்படித்தான். கேபிள் தளர்வாகத்தான் இருக்கிறது. டிக் டிக் கேட்கிறது. ஒன்று சொல்ல விட்டுப்போனது: ஜாமில் ரொம்ப நேரம் நின்றால் 1000 பக்கம் இறங்குகிறது, பாலத்தில் ஓடிவிட்டு இறங்கி முதல் சிக்னலில் நின்றால் மறுபடி 1500. மழையில் இன்னும் மோசம். மற்றபடி காடி சூடே ஆவதில்லை, வெப்ப முள் சி-யை ஒட்டியே இருக்கும். அந்த விஷயத்தில் கவலை இல்லை.

பிஎம் அக்கா:
தம்பி, அந்த விஷயத்தில்தான் கவலையே. முள் பாதிக்குக் கொஞ்சம் கீழே வந்து அசையாமல் நிற்க வேண்டும். சி-யிலேயே கிடந்தால் எஞ்சின் சூடாகவே இல்லை என்று அர்த்தம். குளிர்ந்த எஞ்சின் என்று நினைத்து ஈசியூ கூடுதல் எண்ணெய் ஊற்றி ஐட்லிங்கை ஏற்றி வைத்திருக்கிறது. ஓடும்போது காற்று அடித்து ஆறுகிறது, ஜாமில் நின்றால் சூடாகி இறங்குகிறது. காற்றுக் கசிவு இப்படி வெயில் மழை பார்த்து நடந்துகொள்ளாது. சமீபத்தில் ரேடியேட்டர் பக்கம் யாராவது கை வைத்தார்களா? எஞ்சின் சூடாகும் வரை ரேடியேட்டருக்குத் தண்ணீர் போகாமல் தடுக்கும் வால்வு, தெர்மோஸ்டாட், உள்ளே இருக்கிறதா?

பட்டர்வொர்த் நீலன்:
ஆமாம், தைப்பூசத்துக்கு தண்ணீர்மலை பக்கம் ஜாமில் கொதித்துவிட்டது, அதன் பிறகு ரேடியேட்டர் மாற்றினோம். அப்போது எதையோ கழற்றிப் போட்டுவிட்டு இனிமேல் கொதிக்காது என்றார்கள். அதற்கும் ஐட்லிங்குக்கும் என்ன சம்பந்தம்?

சுங்கை பாக்காப் காரன்:
நம் ஊர் வெயிலுக்கு தெர்மோஸ்டாட் எதற்கு? அதெல்லாம் பனி பெய்கிற நாட்டுக்காரனுக்கு. அப்பா பழைய டத்சனில் அதைப் பிடுங்கி எறிந்துவிட்டுத்தான் ஈப்போ வரை ஓட்டினார், ஒன்றும் ஆகவில்லை. காடியை விற்கும்போதுகூட எஞ்சின் கல்லு மாதிரி இருந்தது.

பிஎம் அக்கா:
டத்சனில் கார்புரேட்டர், அண்ணே. அதில் வெப்பத்தைப் பார்த்து எண்ணெய் ஊற்றும் ஈசியூ இல்லை. வெளியே 33 டிகிரி என்றால் நமக்கு வியர்க்கும், எஞ்சினுக்கு அது குளிர். அதற்கு 80-க்கு மேல் வேண்டும்.

சுங்கை பாக்காப் காரன்:
அப்படியானால் ஒர்க்‌ஷாப்காரன் எல்லாம் முட்டாளா?

பிஎம் அக்கா:
முட்டாள் என்று நான் சொல்லவில்லை. காடி திரும்பக் கொதித்து வராமல் இருந்தால் அவருக்குப் போதும். எண்ணெய்க் காசு நாம்தானே கொடுக்கிறோம்.

ஜெலுத்தோங் ராஜாளி:
இந்தச் சண்டை போன வருஷமும் நடந்தது, யாரும் ஜெயிக்கவில்லை.

வேக்கம் வேலு:
தெர்மோஸ்டாட் சரி, ஆனால் கேஸ்கட்டையும் பாருங்கள் என்றுதான் நானும் சொல்கிறேன்.

பழைய கை:
அக்கா சொல்வதில் நியாயம் இருக்கிறது, ஆனால் சென்சாரைச் சோதிக்காமல் தீர்ப்பு எழுதுவது அவசரம். வெப்பத்துக்கு இரண்டு சென்சார் உண்டு. ஒற்றை ஒயர் உள்ளது மீட்டர் முள்ளுக்கு, இரட்டை ஒயர் உள்ளது ஈசியூவுக்கு. முள் சரியாக இருந்தும் ஐட்லிங் ஏறினால் இரட்டை ஒயரைச் சந்தேகப்பட வேண்டும். சாவியை ஆஃப் செய்து, சாக்கெட்டைக் கழற்றி மல்டிமீட்டர் வையுங்கள். 20 டிகிரியில் இரண்டரை கிலோ ஓம் பக்கம் காட்டும், 80 டிகிரியில் 300 ஓம் பக்கம் இறங்கும். சூட்டிலும் கிலோ ஓமிலேயே நின்றால் சென்சார் செத்துவிட்டது. முள்ளே சி-யில் கிடக்கிறது என்பதால் இங்கே தெர்மோஸ்டாட்டுக்குத்தான் முதல் மரியாதை, ஒத்துக்கொள்கிறேன்.

பிஎம் அக்கா:
புதிதாக வாங்கினால் போடும் முன் ஒரு பானையில் தண்ணீர் கொதிக்கவைத்து, நூலில் கட்டி உள்ளே விடுங்கள் தம்பி. நடுவில் இருக்கும் பித்தளை வால்வு மெல்லத் திறப்பது கண்ணுக்கே தெரியும், வெளியே எடுத்தால் மூடிக்கொள்ளும். மூடாவிட்டால் கடையில் திருப்பிக் கொடுத்துவிடலாம். போடும்போது ஆடுகிற சின்ன ஊசி இருக்கும் பக்கம் மேலே வரட்டும், காற்று வெளியேற அதுதான் வழி. ஈசியூ பேச்சை இப்போதைக்குத் தள்ளி வையுங்கள்.

பட்டர்வொர்த் நீலன்:
தெர்மோஸ்டாட் போட்டாகிவிட்டது. த்ராட்டில் பாடி கேஸ்கட்டும் மாற்றினார். இப்போது 800. எல்லாருக்கும் நன்றி.

வேக்கம் வேலு:
பார்த்தீர்களா, கேஸ்கட்!

பிஎம் அக்கா:
இரண்டையும் ஒரே நேரத்தில் மாற்றினால் எதனால் சரியானது என்று எப்படிச் சொல்வது? முள் இப்போது எங்கே நிற்கிறது தம்பி? பாலம் இறங்கி முதல் சிக்னலில் எவ்வளவு காட்டுகிறது?

பழைய கை:
அவர் இனி வரமாட்டார், எண் இறங்கியாயிற்று. வந்தால் ஜாமில் ரேடியேட்டர் ஃபேன் சுற்றுகிறதா என்று பார்க்கச் சொல்லுங்கள். தண்ணீர்மலையில் முதலில் ஏன் கொதித்தது என்று இதுவரை யாரும் கேட்கவில்லை.

சுங்கை பாக்காப் காரன்:
தெர்மோஸ்டாட் இருந்ததால்தான்.