சர்வோவுக்கு ‘ஏவல் மோட்டார்’ போதுமா?

நண்பர்களுக்கு வணக்கம்.

சர்வோ மோட்டாருக்குத் தமிழில் ‘ஏவல் மோட்டார்’ என்று பெயர் வைக்கலாம் என்ற பரிந்துரையைப் பார்த்தேன். நல்ல சொல். ஏவல் என்பதில் கட்டளையும் இருக்கிறது, பணிவிடையும் இருக்கிறது. மூலத்தோடும் ஒத்துப்போகிறது: கப்பல் சுக்கானை நீராவியால் திருப்பும் பொறியை உருவாக்கிய பிரெஞ்சுப் பொறியாளர் ஃபார்க்கோ, 1873-இல் வெளியிட்ட நூலில் அடிமைப்பட்ட இயந்திரம் என்ற பொருள்படத்தான் அதற்குப் பெயர் வைத்தார்.

ஆனால் சொன்னதைச் செய்வது சர்வோவுக்கு மட்டும் உரிய குணம் இல்லை. ஸ்டெப்பர் மோட்டாரும் சொன்னதைச் செய்கிறது. அது படிப்படியாக நகரும் மோட்டார்; வழக்கமான வகையில் ஒரு மின்துடிப்புக்கு ஒரு படியாக 1.8 பாகை நகரும், 200 துடிப்புக்கு ஒரு முழுச் சுற்று. சுமை கூடி நடுவில் சில படிகள் தவறிவிட்டால், கட்டுப்படுத்திக்கு அது தெரியவே தெரியாது. எல்லாம் சரியாக நடந்ததாகவே எடுத்துக்கொண்டு அடுத்த துடிப்பை அனுப்பும். சர்வோவில் அச்சு உண்மையில் எங்கே இருக்கிறது என்று உணரி சொல்லிக்கொண்டே இருக்கிறது. இருக்க வேண்டிய இடத்துக்கும் இருக்கும் இடத்துக்கும் உள்ள வேறுபாட்டை, மோட்டாருக்கு மின்னோட்டம் கொடுத்து இயக்கும் டிரைவ் கணக்கிட்டு, அது குறையும்படி மின்னோட்டத்தை மாற்றுகிறது. இந்தத் திருத்தம்தான் சர்வோ. பெயரிலும் அதுதான் இருக்க வேண்டும் என்பது என் கருத்து.

அதனால் நான் முன்வைப்பது ‘தன்திருத்தம்’. சர்வோ அமைப்பு தன்திருத்த அமைப்பு, சர்வோ மோட்டார் தன்திருத்த மோட்டார்.

‘பின்னூட்ட மோட்டார்’ என்றும் யோசித்துப் பார்த்தேன். பின்னூட்டம் ஏற்கெனவே பழகிய சொல் என்பது பெரிய வசதி. ஆனால் சுழலும் வேகத்தை அளந்து திரையில் காட்டுவதோடு நிறுத்திக்கொள்ளும் அமைப்பையும் அந்தப் பெயரால் அழைக்க இடமிருக்கிறது. அளப்பதோடு நில்லாமல் திருத்துவதுதான் முக்கியம்.

சர்வோவின் பெயரில் ‘மின்’ என்ற முன்னொட்டைச் சேர்ப்பதும் வேண்டாம் என்பேன். ஃபார்க்கோவின் பொறி நீராவியில் ஓடியது. இன்றும் எண்ணெய் அழுத்தத்தால் இயங்கும் சர்வோ வால்வுகள் உண்டு. தன்திருத்த வால்வு என்றால் அங்கேயும் பொருந்தும். பொம்மை விமானங்களில் வரும் சின்ன சர்வோவைப் பிரித்துப் பாருங்கள்: சாதாரண டி.சி. மோட்டார், சில பல்சக்கரங்கள், கோணத்தை அளக்க ஒரு மாறுமின்தடை, ஒரு சிறு மின்சுற்றுப் பலகை. மோட்டாரில் தனிச்சிறப்பு எதுவும் இல்லை, திருத்தும் ஏற்பாடுதான் அதைச் சர்வோ ஆக்குகிறது. ஸ்டெப்பரைப் படிமோட்டார் என்று வைத்துக்கொண்டால், உணரி பொருத்திப் பிழையைச் சரிசெய்யும் ஸ்டெப்பருக்குத் தன்திருத்தப் படிமோட்டார் என்ற பெயர் தானாகவே கிடைத்துவிடுகிறது.

திருத்துவது டிரைவ்தானே, மோட்டாருக்கு அந்தப் பெயரைக் கொடுக்கலாமா என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. பெயர் முழு அமைப்புக்கும் உரியது, அந்த அமைப்புக்கென்று செய்த மோட்டாரும் அதை ஏற்கிறது என்று கொள்ளலாம். பணிமனையில் எல்லோரும் சர்வோ என்றுதான் சொல்வார்கள், சொல்லட்டும். பாடம் எழுதும்போது கருத்தை விளக்கத் தமிழ்ச்சொல் கைகொடுக்க வேண்டும்.

அப்புறம், கூடவே வரும் சொற்கள். அச்சைச் சுழற்றும் திறனைக் குறிக்கும் டார்க்குக்கு முறுக்குவிசை, திருப்புவிசை இரண்டுமே புழங்குகின்றன. பள்ளிப் பாடநூல் திருப்புவிசை என்கிறது, அதையே வைத்துக்கொள்வோம். தண்டு சுமை தாங்காமல் முறுகுவதும் இந்தத் துறையில் தனியாகப் பேச வேண்டிய விஷயம். முறுக்கு என்ற சொல்லை அதற்கென்று விட்டுவைக்கலாம்.

பொசிஷனுக்கு வெறும் ‘நிலை’ என்று எழுதுவதில் ஒரு சிக்கல். நிலைப்பிழை என்றால் இடத்தில் உள்ள பிழையா, எவ்வளவு நேரம் போனாலும் நீங்காமல் நிலைத்துவிட்ட பிழையா? இரண்டும் வேறு, இரண்டும் ஒரே பக்கத்தில் வரும். அதனால் முதலாவது இடநிலைப் பிழை, இரண்டாவது நிலைத்த பிழை. அளந்து திருத்தி மீண்டும் அளக்கும் சுழற்சியை (லூப்) வளையம் என்கிறேன்; சர்வோவில் ஒன்றுக்குள் ஒன்றாக அமைந்த மூன்று வளையங்களும் அப்போது தெளிவாகின்றன: உள்ளே திருப்புவிசை வளையம், அடுத்து வேக வளையம், வெளியே இடநிலை வளையம். உள்ளே இருப்பதுதான் மிக வேகமானது. லூப்புக்குச் ‘சுற்று’ வேண்டாம். மோட்டார் சுற்றுவது, மின்சுற்று என்று அதற்கு ஏற்கெனவே போதுமான வேலை இருக்கிறது.

ஓடும்போது அச்சு கட்டளையிட்ட இடத்துக்குச் சற்றுப் பின்னால் வருவதைக் குறிக்கும் ஃபாலோயிங் எரருக்குப் ‘பின்தங்கல்’ போதும், பிழை என்ற சொல்லே தேவையில்லை. பழுது என்று யாரும் நினைத்துவிடக் கூடாது என்பதற்காகச் சொல்கிறேன். பிழையை ஒரு பெருக்கத்தால் (கெயின்) பெருக்கி வேகக் கட்டளையாக மாற்றும் எளிய இடநிலை வளையத்தில், ஓடிக்கொண்டிருக்கும்போது பின்தங்கல் இருந்தே தீரும். பெருக்கம் நொடிக்கு 50, வேகம் நொடிக்கு 100 மில்லிமீட்டர் என்றால், பின்தங்கல் 2 மில்லிமீட்டர். வேகம் இரட்டித்தால் அதுவும் இரட்டிக்கும். குறித்த வரம்பைத் தாண்டினால்தான் டிரைவ் எச்சரித்து நிற்கிறது. கட்டளையின் வேகத்தை முன்கூட்டியே வளையத்துக்குள் சேர்த்துக் கொடுத்தால் பின்தங்கல் வெகுவாகக் குறையும். அதற்கு முன்னூட்டம் என்ற சொல் பின்னூட்டத்துக்கு இணையாக அமைகிறது.

பெருக்கத்தை அளவுக்கு மீறி ஏற்றினால் இலக்கைக் கடந்து போய்த் திரும்பும்: தாண்டல். அது ஓயும்வரை ஆகும் காலம் அடங்கு நேரம். நிற்க வேண்டிய இடத்தில் நிற்காமல் முன்னும் பின்னும் சிறிதாக ஆடிக்கொண்டிருப்பதற்கு ‘நிலைகொள்ளாமை’ என்று சொல்லலாம் என நினைக்கிறேன். பல்சக்கர இடைவெளியால் வரும் தளர்வை வேலை செய்பவர்கள் ஆட்டம் என்றே சொல்கிறார்கள். அதை மாற்ற வேண்டாம்.

அச்சின் கோணத்தை அளக்கும் என்கோடருக்குச் சுழல்நிலை உணரி என்று எழுதிவருகிறேன். குறியாக்கி என்றால் மென்பொருளில் தரவைக் குறியாக்குவதோடு கலந்துவிடும். ஆனால் அதன் இரு வகைகளில் ஒன்றுக்குப் பெயர் இன்னும் சரியாக அமையவில்லை. ஒரு வகை (இன்கிரிமென்டல்) 90 பாகை கட்ட வேறுபாடுள்ள இரண்டு துடிப்பு வரிசைகளைத் தருகிறது; சுற்றுக்கு 2500 துடிப்பு என்றால், ஏறும் இறங்கும் விளிம்புகளையெல்லாம் எண்ணி 10,000 பிரிவுகள் பெறலாம். மின்சாரம் போனால் அந்த எண்ணிக்கையும் போய்விடும், திரும்பத் தொடக்க இடத்தைத் தேட வேண்டும். மற்றது (அப்சல்யூட்) மின்சாரம் வந்ததுமே கோணத்தைச் சொல்லிவிடும். முதலாவதற்கு ‘எண்ணும் உணரி’ சரியாக இருக்கும். இரண்டாவதற்கு, அப்சல்யூட் என்பதைத் ‘தனி’ என்று சொல்லும் தனிவெப்பநிலை, தனிச்சுழி என்பவற்றைப் பார்த்துத் ‘தனிநிலை உணரி’ என்று வைத்திருக்கிறேன். ஆனால் தனியாக நிற்கும் உணரி என்று படிப்பவர்கள் எடுத்துக்கொள்ளும் ஆபத்து இருக்கிறது. இதைவிடப் பொருத்தமான சொல் யாருக்காவது தோன்றினால் எழுதுங்கள்.